காக்கித் தேர்தல் போஸ்டர்களைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரோடு) போர் நடந்துகொண்டிருந்தபோதே பிரிட்டனில் ஒரு பொதுத்தேர்தல் நடந்தது: 1900 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 24 வரை. படைவீரரின் உடை நிறத்தால் அதற்குக் 'காக்கித் தேர்தல்' என்று பெயர் வந்தது. லிபரல் கட்சிக்காரர்களை எதிரியின் கையாட்களாக வரைந்து, ஆளுங்கட்சித் தரப்பு சுவர்களில் போஸ்டர்களாக ஒட்டியது. இன்று அவற்றைச் சேகரிப்பவர்களும் கட்டுரைக்குப் படமாக எடுப்பவர்களும் ஏமாறும் இடங்கள் அதிகம்.

முதலில் பெயர். 'போயர் ஆதரவாளர்' என்பது லிபரல்கள்மீது ஆளுங்கட்சித் தரப்பு குத்திய முத்திரை. அதை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் போஸ்டர் சொன்னதை நாமே வழிமொழிந்ததாகிவிடும். லிபரல் கட்சியே அப்போது பிளந்து கிடந்தது. ரோஸ்பெரி, ஆஸ்குவித், கிரே போரை ஆதரித்தார்கள். லாயிட் ஜார்ஜ் எதிர்த்தார். தலைவர் கேம்ப்பெல்-பேனர்மன் இரண்டுக்கும் நடுவே திண்டாடினார். போஸ்டரோ எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டியது. ஆகவே ஒருவர் குரூகருக்குப் பக்கத்தில் வரையப்பட்டிருக்கிறார் என்பதற்காக அவர் போரை எதிர்த்தார் என்று எழுதக் கூடாது. (முகவாயை மட்டும் சுற்றிய தாடியும் உயரத் தொப்பியும் இருந்தால் அவர்தான் போயர் நாடான டிரான்ஸ்வாலின் அதிபர் குரூகர்.)

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கேலிக்கு ஆளானவர்களை எல்லாம் காலனிய எதிர்ப்பு வீரர்களாக்கிவிடுவது. பலருக்கு அந்தப் போர்தான் பிடிக்கவில்லை, பேரரசு அல்ல. போயர் அரசும் லேசுப்பட்டதல்ல. 1885இன் 3ஆம் சட்டம் டிரான்ஸ்வாலில் தமிழர் உட்பட ஆசியர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது.

காலக்குழப்பம்தான் மிக அதிகம். போயர் பெண்களையும் குழந்தைகளையும் பிரிட்டிஷ் ராணுவம் அடைத்துவைத்த தடுப்பு முகாம்களின் கொடுமைகளை எமிலி ஹாப்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் சமூக ஆர்வலர் வெளிக்கொண்டுவந்தது 1901இல். பிரிட்டிஷ் ராணுவம் போர் நடத்திய விதத்தைக் கேம்ப்பெல்-பேனர்மன் 'காட்டுமிராண்டி முறைகள்' என்று சாடியது 1901 ஜூன் 14இல். பர்மிங்ஹாம் நகர மண்டபத்தைப் போர் ஆதரவுக் கூட்டம் சூழ்ந்தபோது லாயிட் ஜார்ஜ் போலீஸ் உடையில் தப்பியது அதே ஆண்டு டிசம்பர் 18இல். அவரைப் போலீஸ் தொப்பியோடு காட்டும் படத்துக்கு '1900 தேர்தல் போஸ்டர்' என்று குறிப்பு போட்டால் அது பிழை. எல்லாத் தொகுதிகளிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடக்கவில்லை என்பதால், தெரிந்தவரை தொகுதியையும் நாளையும் சேர்த்தே குறியுங்கள்.

அடுத்து, தாளின் அடிவரி. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1883 முதல் சட்டம். யார் காசில் யார் வைத வசை என்பதற்கு முதல் துப்பு அந்தப் பொடி எழுத்து. சட்டகத்துக்குள் அடக்கவோ இணையத்தில் ஏற்றவோ ஓரத்தை வெட்டும்போது முதலில் பலியாவது அதுவே. அடிவரி இல்லாத தாள் போலி என்றும் உடனே முடிவுகட்ட வேண்டாம், கத்தரி பட்டிருக்கலாம்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கட்டுரையோ விளம்பரமோ இருந்தால் அது பெரும்பாலும் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம்; போஸ்டர் ஒருபக்க அச்சு. அஞ்சலட்டையானால் பின்புறம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிரிட்டனில் அந்த முறைக்கு அனுமதி கிடைத்ததே 1902இல்தான்.

கடைசியாக, 10 மடங்கு லென்ஸ். அந்தக்காலக் கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) வண்ணத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தூவியதுபோல் தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவிதழ்போல் வரிசையாக அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல். பழுப்பேறிய தாளை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.