பந்தல்காரன் பார்வையில் புயல்: மதுரையிலிருந்து பின்தொடரும் முறை

ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழைக்கும் அவைதான் மாதங்கள். ஒத்தக்கடையில் பந்தல் தொழில் செய்கிற நான் வானிலை பார்க்கத் தொடங்கியதே தகரம் போடுவதா, துணி கட்டுவதா என்ற கேள்வியால்தான். பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது.

பத்து நாள் முன்பே செல்போன் வரைபடத்தில் ஊதா நிறத்தில் ஒரு பெரிய சுழி தெரியும். ரசித்துவிட்டு மூடிவிடுங்கள். கடலில் தாழ்வுப் பகுதியே உருவாகாதபோது, அது எந்த ஊரில் கரையைக் கடக்கும் என்று பேசுவது பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடிக்கிற வேலை.

தாழ்வுப் பகுதி உருவான பிறகு நோட்டை எடுங்கள். மாடல் என்பது வானிலையைக் கணினி கணித்துச் சொல்கிற முறை. காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடுகிற அமெரிக்க மாடல் பத்து மணி வாக்கில் வந்துவிடும். ஐரோப்பிய மாடல் நண்பகல் ஆகும். மாலை 5.30 மணி நிலவரத்துக்கும் இதே கணக்கு, இரவில். ஒவ்வொரு முறையும் மையம் எங்கே கரையேறுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நாகப்பட்டினம், கடலூர், புதுச்சேரி என்று அடுத்தடுத்து ஒரே திசையில் நகர்ந்தால் அது செய்தி. இன்று பாம்பன், இரவு சென்னை, மறுநாள் மீண்டும் பாம்பன் என்றால் மாடலுக்கே தெளிவில்லை, நீங்களும் முடிவெடுக்காதீர்கள். தொடக்க நிலவரத்தைச் சற்றுச் சற்று மாற்றி, ஐரோப்பிய மாடலை ஐம்பது தடவை ஓட்டி வரைந்த புயல் பாதைக் கோடுகளையும் பார்க்கலாம். கோடுகள் விசிறிபோல் விரிந்திருந்தால் பொறுத்திருங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படிக்கும்போது பெயர்களில் கவனம் வேண்டும். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் புயல். இவை காற்றின் அளவுகள் மட்டுமே. மழையைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை. குமரிக் கடல் பக்கம் நின்ற வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான்.

மதுரைக்காரர்கள் பார்க்க வேண்டியது புயலின் பலத்தைவிட, நாம் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைத்தான். நம் பகுதிச் சுழற்சிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மையம் சென்னைப் பக்கம் போனால் நமக்கு வருவது மேற்கிலிருந்து மலையேறி இறங்கிய வறண்ட காற்று. தொலைக்காட்சியில் சென்னை மிதக்கும். மாட்டுத்தாவணியில் வெயில் அடிக்கும். மையம் குமரிக் கடலில் நின்றால் கடலின் ஈரத்தோடு கிழக்குக் காற்று நேரே நம்மிடம் வரும். அப்போது தகரம்தான், பேரமே கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. அப்படி நம் தலைக்கு மேலேயே வருவது வேறு கதை. அன்று மழையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். பந்தலின் பக்கத் துணிகளை முதலில் அவிழ்க்கச் சொல்வேன்.

மொட்டைமாடிச் சோதனை ஒன்று உண்டு. காற்று முதுகில் படும்படி நின்று இடது கையை நீட்டுங்கள். தாழ்வழுத்தம் ஏறத்தாழ அந்தப் பக்கம் இருக்கும். கட்டிடங்களுக்கு நடுவே நின்று பார்த்துப் பயனில்லை. மேகம் ஓடுகிற திசையை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

செல்போனில் காற்றழுத்தமானி இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். புயல் இல்லாத நாளிலும் அழுத்தம் காலை பத்து மணி வாக்கில் ஏறி, மாலை நான்கு மணி வாக்கில் மூன்று நான்கு மில்லிபார் இறங்கும். மாலையில் இறங்குவதைக் கண்டு அலறாதீர்கள். நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

கடைசி நாளில் மாடல்களை விட்டுவிட்டு இன்சாட் செயற்கைக்கோள் படத்துக்கும் ரேடாருக்கும் வந்துவிடுங்கள். காரைக்கால் ரேடார் நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதன் கதிர் மதுரைக்கு வரும்போது பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்; தாழ்வான மேகத்தின் மழை அதில் சிக்காது. திரை வெறுமையாக இருக்க, வாசலில் தூறல் விழுவது இதனால்தான். சமையல்காரர் ரேடாரைப் பார்த்து அடுப்பைத் திறந்த வெளியில் வைக்கக் கூடாது.

பெய்ததை அளக்கவும் வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பாவைச் சுவரும் மரமும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். அரசுக் கணக்கும் அந்த நேரத்தில்தான். 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை.

மழை விட்டதும் நோட்டை மூடிவிடாதீர்கள். வருசநாட்டிலும் தேனி மலைகளிலும் பெய்த தண்ணீர் வைகை அணைக்கு வர நேரமாகும். 71 அடி அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. இரண்டாவது எச்சரிக்கை வந்ததுமே வைகை ஆற்றைக் கடக்கிற யானைக்கல் தரைப்பாலத்து வழியை விட்டுவிட்டு, சாமான் வண்டியைச் சுற்றுவழியில் போகச் சொல்லிவிடுவேன்.