சிங்கப்பூரில் தூரத்து உறவுகளைத் தேடி வருபவர்களுக்கு: முதல் பயணத்துக்கான செய்முறை

தாத்தாவின் தம்பி கப்பல் ஏறினார், கொஞ்ச காலம் பணம் அனுப்பினார், பிறகு கடிதம் நின்றுவிட்டது. தஞ்சை, நாகை, தென்காசிப் பக்கத்தில் பல வீடுகளில் சிங்கப்பூர் உறவின் கதை இவ்வளவுதான். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் வராதா என்று ஏங்குபவர்களும் அவர்களில் உண்டு. இந்த ஊரில் வாழ்கிறவள் என்ற முறையில் என் முதல் யோசனை: டிக்கெட் எடுப்பதற்கு முன் ஆளைத் தேடுங்கள். எல்லா இடமும் சுற்றி முடித்து, விமானம் ஏறும் நாளில் அரை மணி நேரம் உறவினர் வீட்டில் தலைகாட்டுவது அவர்களுக்கும் மனக்குறை, உங்களுக்கும் மனக்குறை.

படி 1: ஆளைத் தேடுதல்

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கடித உறைகளை எடுங்கள். அனுப்பியவர் முகவரியில் ‘சிங்கப்பூர்’ என்பதற்குப் பிறகு நான்கு இலக்க எண்ணோ அதைவிடச் சிறிய எண்ணோ இருந்தால், அது 1995க்கு முந்தைய முகவரி. அந்த ஆண்டில்தான் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. அந்தக் கட்டடமே இன்று இல்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் வட்டாரத்தின் பெயர் ஒரு துப்பு. செம்பவாங் என்றால் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராக இருக்கலாம். தஞ்சோங் பகார் என்றால் துறைமுகத்தை ஒட்டிய வாழ்க்கை. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் அங்கே நெருங்கிக் குடியிருந்தார்கள். 1941இல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் போன்ற ஊர்ச் சங்கங்களில் பெரியவர்களிடம் விசாரிக்கலாம்.

பெயரைத் தேடும்போது தந்தை பெயர் மிக முக்கியம். ஊரில் ‘மு. கணேசன்’ என்று எழுதுவது இங்கே அடையாள அட்டையில் ‘கணேசன் எஸ்/ஓ முத்தையா’ என்று இருக்கும். தலைப்பெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆள் அகப்பட மாட்டார். முத்தையா என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிப் பாருங்கள்.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கக் களஞ்சியத்தில் இருக்கின்றன. இரங்கல் அறிவிப்புகளைப் பொறுமையாகப் பாருங்கள். மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அந்தச் சிறு கட்டத்துக்குள் பெயர் பெயராக நிற்கும். சிலவற்றில் சொந்த ஊரும் இருக்கும்.

படி 2: முதல் செய்தி

மோசடி அழைப்புகளால் இங்கே எல்லாரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அதனால் உறவுமுறையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: “உங்கள் தாத்தா முத்தையாவும் என் பாட்டி செல்லம்மாளும் உடன்பிறந்தவர்கள்.” இரு தரப்பிலும் இருக்கக்கூடிய பழைய படம் ஒன்றை இணையுங்கள். பணமோ வேலையோ கேட்டு வரவில்லை, பார்த்துப் பேசத்தான் வருகிறோம் என்பதை வெளிப்படையாகவே எழுதுங்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் தயக்கம் பெரும்பாலும் அதுதான். இளையவர்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிப்பது சிரமம். குரல் பதிவும் அனுப்புவது நல்லது.

தேதியை அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். தொடக்கநிலை ஆறில் (ஆறாம் வகுப்பில்) படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போகாமல் இருப்பதே பெரிய உதவி. தேசியத் தேர்வு நேரம் அது. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் வசதியானவை.

படி 3: விசா

இந்தியக் கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்டுக்கு) விசா தேவை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி, முகவரின் கூலி தனி. (டாலரை நாங்கள் வெள்ளி என்போம்.) சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கும் உறவினரே உங்களுக்காக இணையத்தில் விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் இன்னும் முகம் பார்க்காதவர் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்துவது முறையல்ல.

இங்கே வந்து இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்த மூன்று நாட்களுக்குள், எஸ்ஜி அரைவல் கார்டு என்னும் வருகைப் படிவத்தைக் குடிநுழைவு (இமிக்ரேஷன்), சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலியானது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்லாது. குடிநுழைவு முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் அனுமதியில்தான் கடைசித் தேதி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள்.

படி 4: பெட்டி

கசகசாவைக் கொண்டுவராதீர்கள், இங்கே அது போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடைய விஷயம். மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம், உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம். முறுக்கும் அதிரசமும் சிராங்கூன் சாலையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இங்கே கிடைக்காதது வேறு: பூர்வீக வீட்டின் படம், குலதெய்வக் கோயிலின் படம், கையால் வரைந்த வம்ச வரிசை. அந்தத் தாளைப் பெரிதாக, நிறைய இடம் விட்டு எழுதுங்கள். மேசையில் விரித்ததும் வீட்டுப் பெரியவர் பேனாவைக் கேட்பார்.

படி 5: போய்ப் பார்த்தல்

அழைத்தால் ஒழிய அவர்கள் வீட்டில் தங்கத் திட்டமிடாதீர்கள். வீடுகளை நாள் வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம் என்பதால் விடுதியே சரி; லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கினால் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் கவலையில்லை. முகவரியில் புளோக் எண்ணோடு மாடி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ‘08-112’ என்றால் எட்டாம் மாடி.

பெரியவர்களிடம் சொத்து, பிரிவு பற்றிய பேச்சை எடுக்காமல், “முதல் சம்பளம் எவ்வளவு, எந்தக் கடையில் பசியாறுவீர்கள்” என்று கேளுங்கள். கல்லறைக்குப் போக விரும்பினால் முன்கூட்டியே விசாரியுங்கள். 1998 முதல் ஒரு புதைகுழியைப் பதினைந்து ஆண்டுதான் விட்டுவைப்பார்கள். பழைய இடுகாடுகள் பல அகற்றப்பட்டுவிட்டன.

படி 6: சுற்றிப் பார்த்தல்

உறவினரோடு போங்கள், அவர்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில், தெலுக் ஆயர் சாலையில் நாகூர் தர்கா, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் (இந்தியர் வரலாற்று அருங்காட்சியகம்) மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மரபுடைமை நிலையத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) அனுமதி இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது. கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) செயற்கை மரங்களில் நடக்கும் விளக்குக் காட்சிக்கும் கட்டணமில்லை. இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கிறது. வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் செல்வதானால் முதல் காட்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய், அவருக்கு உட்கார இடம் பிடித்துவிடுங்கள்.