பகிடியா, வதையா? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தரம் 3 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளோடு, வதையிலிருந்தும் தகாத தொடுகையிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளப் பழக்கும் இந்தப் பயிற்சியைச் செய்து வருகிறேன். முதன்முதலாகச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும்.

முதலில் ஒரு சம்பவம் சொல்லுங்கள். ரியூசன் முடிந்து வருகிற பிள்ளையின் சைக்கிளில் காற்று இல்லை; நேற்றும் இல்லை, போன கிழமையும் இல்லை; மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் சிரிக்க, அந்தப் பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போகிறது. "இதில் ஆர் சிரிக்கவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் சிரித்தால் பகிடி, ஒருவர் நோக மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சிரித்தால் வதை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும், விளையாட்டில் சேர்க்காமல் விடுவதும், வட்ஸ்அப்பில் படம் போட்டு நக்கலடிப்பதும் இதற்குள்தான் வரும்.

இரண்டாவது, கோள். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் "கோள் சொல்லாதே" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் வாயை நாங்கள் அடைத்து வைத்திருக்கிறோம். ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி கேட்பது. இரண்டுக்கும் உதாரணம் கேளுங்கள், பிழையாகச் சொன்னாலும் வெட்டாதீர்கள்.

அடுத்தது குரல். எழுந்து நின்று, முகத்தைப் பார்த்து, "விடு, எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு ஆட்கள் இருக்கிற பக்கம் போகப் பழக்குங்கள். திருப்பி அடிக்கச் சொல்லாதீர்கள். பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கும் வேலை உண்டு: சிரிக்காமல், "வா, போவம்" என்று அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

உடம்பைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். உள்ளாடை மறைக்கிற இடங்களை வேறு யாரும் தொடவோ, பார்க்கவோ, படம் எடுக்கவோ கூடாது. வைத்தியர் பார்ப்பதென்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று பெரியவர் யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும், தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும். பெற்றோருக்கும் ஒன்று: "மாமாவை ஒருக்காக் கொஞ்சு" என்று பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்றால் கைகூப்பி வணக்கம் சொல்லட்டும்.

அப்புறம், வெள்ளைத் தாளில் இடது கையை வைத்துக் கோடு கீறி, ஒவ்வொரு விரலிலும் நம்பிச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஐந்தும் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஒரு ரீச்சரோ பக்கத்து வீட்டு அம்மம்மாவோ இருக்கட்டும். உள்ளங்கையில் 1929. இலங்கைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவசத் தொலைபேசி இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம்.

அந்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவரென்றால், பிள்ளை வந்து சொல்லும்போது "நீ என்ன செய்தனீ?" என்று தொடங்காதீர்கள். "சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு, அது சொல்லி முடியும்வரை கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். யாராவது ஒரு பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் தனியாக இருங்கள்.