பில்டில் கோட் அனாலிசிஸ்: நாங்கள் சறுக்கிய இடங்கள்

நாகர்கோவிலில் ஆறு பேர் கொண்ட சின்ன டீம் எங்களுடையது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொள்முதல் செய்கிற வியாபாரி ஒருவரின் வெப் ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்கிறோம். எடை, கிரேடு, அன்றைய ரேட், யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதில்தான். பிஎச்பியில் எழுதிய ஏழு வருசப் பழசு. எங்களிடம் வருமுன் மூன்று கை மாறியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் பில்டில், அதாவது ஒவ்வொரு திருத்தத்தையும் தானாகச் சோதிக்கிற ஏற்பாட்டில், பிஎச்பிஸ்டானைச் சேர்த்தோம். கோடை ஓட்டாமலே படித்துத் தப்பு சொல்கிற டூல் அது. பிழைகள் நாலாயிரத்துச் சொச்சம் என்றது.

அந்த டூலில் 0 முதல் 10 வரை லெவல்கள் உண்டு. 0 என்றால் இல்லாத கிளாஸ், இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவது மாதிரி அப்பட்டமான தப்புகள். ஏற ஏற கெடுபிடி கூடும். “வைக்கதுதான் வைக்கோம், ஒசரமா வைப்போம்” என்று 8 போட்டது நான்தான். ஒரு பிழை இருந்தாலும் திருத்தம் மெயின் கோடோடு சேரக்கூடாது (மெர்ஜ் ஆகக்கூடாது) என்று பூட்டும் போட்டேன். திங்கள்கிழமை கடை போன் நம்பரை மாற்ற ஒரு வரித் திருத்தம் வந்தது. மெர்ஜ் ஆகவில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்த டீமின் கடைக்குட்டி, பில்டை ஓட்டுகிற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஃபைலில் ‘கண்டின்யூ ஆன் எரர்’ (பிழை வந்தாலும் மேலே போ) என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். பச்சை டிக் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

முதல் தப்பைவிட இந்த இரண்டாவதுதான் மோசம். கிட்லேபில் இதற்கு ‘அலவ் ஃபெயிலியர்’ என்று பெயர். கட்டளையின் வாலில் இரண்டு நெட்டைக்கோடு போட்டு ‘ட்ரூ’ எழுதுவதும் இதே வேலைதான். நாலு மாசம் கழித்து வேறு எதையோ தேடி பில்டின் பதிவை (லாக்) திறந்தபோதுதான் தெரிந்தது, அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு அத்தனை நாளும் டூல் ஒரு தடவைகூட ஓடி முடிக்கவில்லை. 128 எம்பி மெமரி லிமிட்டில் முட்டிப் பாதியிலேயே செத்துக்கொண்டிருந்தது. லிமிட்டை ஏற்றுவது ஒரு வரி வேலை. அதைச் சொல்லவேண்டிய சிவப்பு விளக்கின் வாயை நாங்களே கட்டி வைத்திருந்தோம்.

அதிலிருந்து ஒரு பழக்கம். புதிதாக எந்தச் சோதனையைச் சேர்த்தாலும், வேண்டுமென்றே தப்பான கோட் ஒன்றைத் தனிப் பிராஞ்சில் ஏற்றி, சிவப்பு எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுகிறோம். பிராஞ்ச் புரொடெக்‌ஷனில் அந்தச் சோதனையை ‘ரிக்வயர்ட்’ என்று குறித்திருக்கிறோமா என்பதையும் சேர்த்துத்தான். குறிக்காவிட்டால் சிவப்பு எரிய எரிய மெர்ஜ் பட்டனும் வேலை செய்யும்.

பழைய நாலாயிரத்தை என்ன செய்வது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, வழி சொன்னவர் வியாபாரிதான், அவருக்கே தெரியாமல். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அழுக்கு, குமிழி பார்த்து கிரேடு சொல்லிக்கொண்டிருந்தார். குடோனில் கிடக்கிற பழசையெல்லாம் எப்ப பாப்பீங்க அண்ணாச்சி என்று கேட்டேன். “அதப் பாக்க இருந்தா கடையைத் தொறக்க முடியுமா மக்கா? இன்னைக்கு வாசலுக்கு வாறத விடாம பாத்தாப் போதும்” என்றார்.

டூல் உலகில் இதற்கு பேஸ்லைன் என்று பேர். இன்றைய தேதிக்கு இருக்கிற பிழைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, புதிதாக வருகிறவற்றுக்கு மட்டும் பில்டை நிறுத்துவது. பிஎச்பிஸ்டானில் ஒரே கட்டளையில் உருவாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லிண்டில் இப்படிப் பழசை மொத்தமாக ஒதுக்கும் வசதி 2025இல்தான் வந்தது. சோனார்க்யூப் என்ற இன்னொரு டூலின் இயல்பான கேட்டும் (பில்டை விடுவதா நிறுத்துவதா என்கிற வாசல்) புதுக் கோடைத்தான் பார்க்கிறது. ஒன்று கவனிக்கணும்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சும்மா விட்டால் கடைசி ஒரு கமிட்டை (சேமித்த மாற்றத்தை) மட்டும்தான் இறக்கும். எந்த வரி எப்போது எழுதியது என்ற வரலாறு இல்லாமல் சோனார் புதுசு பழசைச் சரியாகப் பிரிக்க முடியாது. முழு வரலாறும் வர ‘ஃபெட்ச் டெப்த்’ 0 என்று வைக்கணும்.

பேஸ்லைனிலும் ஒரு வழுக்கல் உண்டு. பில்ட் சிவந்தால் போதும், கோடைத் திருத்தாமல் பேஸ்லைனைத் திரும்ப உருவாக்கிவிடுவது. பாத்திரத்தைக் கழுவாமல் கவிழ்த்து வைக்கிற கதை. எங்களிடம் அந்த ஃபைல் குறையலாம், கூடக்கூடாது. கூடினால் ரிவ்யூவில் காரணம் சொல்லணும். இதன் மறுபக்கம் கொஞ்சம் வேடிக்கை. பழைய பிழை ஒன்றைத் திருத்தினாலும் பிஎச்பிஸ்டான் சிவப்பு காட்டும், ‘பட்டியலில் இருக்கிற பிழையைக் காணோமே’ என்று. நல்லது செய்ததற்கு அடியா என்று முதல் தடவை எல்லோருக்கும் கோபம் வரும். அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

லெவல் 0, பேஸ்லைனோடு மறுபடி தொடங்கினோம். இப்போது 8இல் நிற்கிறோம். அவசரம் இல்லை.

அடுத்தவன் கோடுக்கு நாம் தண்டனை வாங்குவது இன்னொன்று. மினிஃபை செய்த ஜேக்வெரி, பில்டில் உருவாகும் டிஸ்ட் ஃபோல்டர், நோட் மாட்யூல்ஸ் எதுவும் பட்டியலில் வரக்கூடாது. ஆனால் பிஎச்பியில் வெண்டார் ஃபோல்டரை (வெளி லைப்ரரிகள் இருக்குமிடம்) ஆராயவேண்டாம் என்பதற்காக, அது இல்லாமலே ஓடவிடக்கூடாது. அந்த லைப்ரரிகளை இறக்குகிற கம்போசர் இன்ஸ்டால் முடியுமுன் டூலை ஓட்டினால், லைப்ரரியின் கிளாஸ் ஒவ்வொன்றையும் ‘காணோம்’ என்று நூற்றுக்கணக்கில் பொய்ப்பிழை கொட்டும்.

லிண்ட் என்ற சொல்லுக்குத் துணியில் ஒட்டுகிற பஞ்சுத்தூசி என்று பொருள். பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்கு எழுதிய டூலுக்கு வைத்த பேர் அது. தூசி தட்டுவது வேறு, கிழிசல் பார்ப்பது வேறு. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி, இரட்டை மேற்கோளா ஒற்றையா என்பதையெல்லாம் எரராக்கி, நிஜமான ஓட்டையோடு ஒரே பட்டியலில் போட்டால், எழுபது வரித் தூசிக்கு நடுவே அந்த ஒரு கிழிசல் யார் கண்ணிலும் படாது. அழகு வேலையை ப்ரிட்டியர் மாதிரி ஃபார்மேட்டரிடம் விட்டுவிடலாம். மொத்த ப்ராஜெக்டையும் ஒரே கமிட்டில் ஃபார்மேட் செய்து, அந்தக் கமிட்டின் எண்ணை, எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பிளேமின் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கிட் 2.23இலிருந்து இந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஃபார்மேட் செய்தவன் பேரே வந்து நிற்கும். எங்களிடம் இரண்டு வாரம் என் பேர்தான் வந்தது.

ஈஎஸ்லிண்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வார்னிங் எத்தனை இருந்தாலும் அது பில்டை நிறுத்தாது. எரர் மட்டும்தான் நிறுத்தும். ‘மேக்ஸ் வார்னிங்ஸ்’ 0 என்று வைத்தால்தான் அசையும். என்னைக் கேட்டால் வார்னிங் என்ற நடுநிலையே வேண்டாம். முக்கியம் என்றால் எரர், இல்லையென்றால் ரூலையே அணைத்துவிடலாம்.

வெர்ஷனைப் பூட்டாமல் விடுவதும் உண்டு. கோடில் ஒரு எழுத்து மாறாமல் திங்கள் காலையில் பில்ட் சிவந்தால், ராத்திரி டூலுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கும். வெர்ஷன்களைப் பூட்டி வைக்கிற லாக் ஃபைலை ரிப்போவில் (கோட் இருக்கிற இடத்தில்) வையுங்கள். சிஐயில் (பில்ட் ஓடுகிற இடத்தில்) ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளைக்குப் பதில், லாக் ஃபைலில் உள்ளதையே இறக்குகிற ‘என்பிஎம் சிஐ’. நம் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடி, சிஐயின் லினக்ஸில் கிளாஸைக் காணோம் என்றால், ஃபைல் பேரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது.

வாயடைக்கும் கமென்ட்டுக்கு வருவோம். டூல் கத்துகிற வரிக்கு மேலே ‘இக்னோர்’ என்று எழுதினால் அமைதியாகிவிடும். சப்ளையரின் கோட் எண்ணைத் தேடும் ஃபங்ஷன் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் ‘நல்’ (null, ஒன்றுமில்லை) என்று திருப்பித் தரும். அடுத்த வரியில் அந்த ‘ஒன்றுமில்லை’யிடமே போய் பாக்கி கேட்டிருந்தோம். டூல் சரியாகத்தான் சொன்னது. டீமில் ஒரு தம்பி ஒப்பவில்லை.

“அண்ணே, அது சும்மா கெடந்து கத்துது. கோட் இல்லாத ஆளு எப்படி வருவான்?”

நானும் தலையாட்டினேன், இக்னோர் போட்டோம். சீசனில் கூட்டம் நெரித்த ஒருநாள், கவுண்டரில் இருந்தவர் 417க்குப் பதில் 471 என்று அடித்தார். அப்படி ஒரு ஆளே இல்லை. வெள்ளைத் திரை. ஷீட்டுக் கட்டோடு வந்தவர்கள் அரைமணி நேரம் காத்து நின்றார்கள். அதற்குப் பிறகு வெறும் இக்னோருக்கு அனுமதி இல்லை. எந்த ரூல், என்ன காரணம் என்று இரண்டும் எழுதணும். தேவை தீர்ந்த இக்னோரையும் ஈஎஸ்லிண்ட் காட்டிக்கொடுக்கும்; அதையும் ஆன் செய்திருக்கிறோம்.

டூல் கண்டுபிடிக்காத தப்பு ஒன்றும் எங்களிடம் இருந்தது. பாலாகவே கொண்டுவருகிறவர்களுக்கு டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) பார்த்து விலை போடணும். நூறு கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 35 கிலோ உலர் ரப்பருக்குத்தான் காசு. ஒரு புது ஸ்கிரீனில் நாங்கள் மொத்த எடையையே ரேட்டால் பெருக்கியிருந்தோம். டைப்பெல்லாம் கச்சிதம், எண்ணை எண்ணால் பெருக்குவதில் டூலுக்கு என்ன ஆட்சேபணை? பில்ட் பச்சை. கடையில் கணக்கு எழுதுகிற அக்கா முதல் பில்லைப் பார்த்ததுமே கால்குலேட்டரைத் தட்டிவிட்டு போன் செய்தார். “தம்பி, தண்ணிக்கும் சேத்து காசு குடுக்கீங்களே?”

அந்த நூறு கிலோ பால் கணக்கு இப்போது ஒரு டெஸ்டாக, பிஎச்பிஸ்டானுக்கு அடுத்த படியாக அதே பில்டில் ஓடுகிறது.