முதல் பயணக் கட்டுரை: மூணாறை வைத்து ஒரு பயிற்சி

போடிமெட்டு ஏறி மூணாறு போய்வருகிறவர்கள் எழுதுவதில் பாதி "பச்சைக் கம்பளம்", மீதி ஹோட்டல் சாப்பாடு. முதன்முதலாக எழுதப்போகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

1. நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: பார்த்தது, கேட்டது, நானாக நினைத்தது. கொழுக்குமலை ஏறும்போது, "உலகத்திலேயே உசரமான டீத்தோட்டம் இதுதான் சார்" என்பார் ஜீப்காரர். அது இரண்டாம் கட்டத்துக்கு. கட்டுரையிலும் அவர் சொன்னதாகவே வரட்டும்.

2. மேப்பைப் பாருங்கள். சூரியநெல்லியில் ஜீப் ஏறுவதால் கொழுக்குமலையைக் கேரளத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது தேனி மாவட்டம். மூணாறு போகிறவர்கள் வேடிக்கை பார்க்கப் போகும் மலைமுகடான டாப் ஸ்டேஷனும் அப்படித்தான்.

3. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அந்தப் பச்சையைப் பராமரிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், தலைமுறைகளாக லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததற்காகத் தோட்டத்துப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். அப்போது நாள்கூலி 232 ரூபாய், கேட்டது 500. வரையாடு பார்க்கப் போகிறோமே இரவிகுளம் தேசியப் பூங்கா, அதை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். போட்டோ பாயிண்ட் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு உறுத்தல்.

கொழுந்து பறிக்கிற அக்காவைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், நமக்கு அந்தச் சவுகரியம் உண்டு. வேண்டாமென்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். பேசினால், இப்போது கூலி என்ன, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். "பாவம், வெள்ளந்தி மனிதர்கள்" என்பது மூன்றாம் கட்டம், அடித்துவிடலாம்.

4. ரிசார்ட்டில் சும்மா தங்கவைத்தார்களா? முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுவது ஏமாற்று.

5. நீங்கள் போய்வந்த மாதத்தையும் வருஷத்தையும் தலைப்புக்குக் கீழே போடுங்கள். மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2018-இல். 12 வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. அந்தப் படங்களைத் தேதியில்லாமல் போட்டால், நம்பிப் பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களுக்கு வெறும் செடிதான் கிடைக்கும்.