டைகர் ட்ரவுட் வேணும்னா சின்ன ஓடைல எங்க நிக்கணும்

மொதல்லயே சொல்லிடறேன், டைகர் ட்ரவுட்ங்கறது ரெண்டு வகை ட்ரவுட் மீன் கலந்து பொறக்கற மீனு, அதுலயும் ஓடைல தானா பொறந்த காட்டு டைகர குறி வச்சு போய் புடிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது. ஆனா அது இருக்கவே முடியாத தண்ணில நாள் பூரா கை வலிக்க வீசறதுக்கும், இருந்தாலும் இருக்கலாம்ங்கற அரை மைல் ஓடைல நிக்கறதுக்கும் நெறய வித்தியாசம் இருக்கு, இங்க எழுதப்போறது அத பத்தி தான். நான் இருக்கறது அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்துல மேடிசன் பக்கம், அதனால சொல்றதெல்லாம் மாநிலத்தோட தென்மேற்கு மூலைல இருக்கற ட்ரிஃப்ட்லெஸ் ஏரியா ஓடைங்கள வச்சு தான். பனியுகத்துல பனிப்பாறை சுத்துவட்டாரத்த எல்லாம் தேச்சு தட்டையாக்கிட்டு போனப்ப இந்த ஒரு பகுதி மட்டும் தப்பிச்சுடுச்சு, அதான் இன்னும் குன்றும் பள்ளத்தாக்கும் சுண்ணாம்புக்கல்லுமா இருக்கு, அந்த கல்லுக்குள்ள இருந்து வர்ற ஊத்துத்தண்ணி வருஷம் பூரா 9, 10 டிகிரி செல்சியஸ்லயே இருக்கும். ஆகஸ்ட் மாசம் கால வச்சாலும் வெறைக்கும்.

இப்ப டைகர்னா என்னன்னு பாத்துடுவோம், இது புரிஞ்சா தான் எங்க தேடணும்னு புரியும். இந்த ஓடைங்களோட சொந்தக்கார மீன் புரூக் ட்ரவுட். பிரவுன் ட்ரவுட் வந்தேறி, 1883ல ஜெர்மனில இருந்து முட்டையா கப்பல்ல வந்து, அடுத்த வருஷம் மிச்சிகன்ல ஒரு ஆத்துல விட்டு, அப்புறம் எல்லா எடத்துக்கும் பரவுனது. ரெண்டுக்கும் பேர்ல தான் ட்ரவுட், உண்மையில வேற வேற பேரினம். பிரவுனுக்கு குரோமோசோம் 80, புரூக்குக்கு 84. பிரவுன் அம்மாவுக்கும் புரூக் அப்பாவுக்கும் பொறக்கறது தான் டைகர், அதுக்கு 82, கோவேறு கழுதை மாதிரி அதோட வம்சம் அங்கயே முடிஞ்சுடும். இந்த கலப்பு முட்டைல பெரும்பாலானது பொரியாமலே அழிஞ்சுடும். டைகருக்கு டைகர் பொறக்காதுங்கறதால காட்டுல நீங்க பாக்கற ஒவ்வொண்ணும் புதுசா ஒரு தடவ தற்செயலா நடந்தது. (நம்ம ஊட்டி அவலாஞ்சில இருக்கறது ரெயின்போ ட்ரவுட், அது வேற கதை, அங்க போய் இத தேடாதீங்க.)

ஆக நீங்க தேட வேண்டியது டைகர இல்ல, அதோட அப்பா அம்மா ரெண்டு பேரும் குடியிருக்கற தெருவ. ரெண்டு மீனும் அக்டோபர் நவம்பர்ல சரளைக்கல்லு மேல தான் முட்டை போடும், ஆனா வீடு வேற வேற. ஓடை பொறக்கற எடத்துல, ஊத்துக்கு கிட்ட, ஒரு தாண்டுல தாண்டற அகலத்துல புரூக் இருக்கும். கீழ தண்ணி கொஞ்சம் சூடாகி அகலமாகற எடத்துல பிரவுன் ஆட்சி. நடுவுல ரெண்டும் கலந்து கெடைக்கற ஒரு துண்டு இருக்கும் பாருங்க, சில ஓடைல அது ஒரு மைல், சில ஓடைல ரெண்டு வளைவு தான், அங்க நில்லுங்க. பிளாக் எர்த் க்ரீக், டிம்பர் கூலீன்னு பெரிய பேர் வாங்குன ஓடைங்கள்ல பிரவுன் தான் அதிகம், அதுல வந்து சேர்ற கிளை ஓடைய புடிச்சு மேல ஏறுங்க. நான் போன்லயே ஒரு கணக்கு வச்சுக்குவேன், எந்த வளைவுல எத்தன புரூக் எத்தன பிரவுன்னு. ஒரே மடுவுல அடுத்தடுத்து ரெண்டும் விழுந்தா அந்த எடத்துக்கு ஒரு ஸ்டார்.

கிளம்பறதுக்கு முன்னாடி மீன்பிடி லைசென்ஸும் அதுக்கு மேல ட்ரவுட் ஸ்டாம்புங்கற தனி அனுமதியும் வாங்கிடுங்க, டி.என்.ஆர்.னு சொல்ற மாநில இயற்கைவளத் துறையோட மேப்ல உங்க ஓடை என்ன கலர்னு பாத்துட்டு அந்த கலருக்கான ரூல படிச்சுடுங்க. பாதி ஓடை விவசாயிங்க நெலத்துக்குள்ள தான் போகும், பாலத்துகிட்டயோ பொது வழியிலயோ எறங்கி தண்ணிலயே நடந்தா விஸ்கான்சின்ல சட்டப்படி தப்பில்ல, கால் நனைஞ்சுட்டே இருக்கணும் அவ்ளோ தான். மாடு மேஞ்சா பரவால்ல, காளை நின்னா அடுத்த பாலத்துக்கு போயிடுங்க.

சாமான் ரொம்ப வேணாம். ஏழு ஏழரை அடி ராட், மெல்லிசான 3 வெயிட் லைன், நுனில அதவிட மெல்லிசா 5 எக்ஸ் டிப்பெட்ங்கற நரம்பு. மேல மெதக்கற ஒரு எல்க் ஹேர் கேடிஸ் ஃப்ளை (ஃப்ளைன்னா பூச்சி மாதிரி கட்டுன தூண்டில் முள்), அதுக்கு கீழ ஒண்ணரை அடி நரம்புல பிங்க் ஸ்குவிரல்னு இந்த பக்கத்துலயே பொறந்த ஒரு நிம்ஃப், அதாவது தண்ணிக்குள்ள முங்கி போற ஃப்ளை. மெதக்கறது சட்டுனு நின்னாலோ முங்குனாலோ தூக்குங்க. ஃப்ளை வீச வராதுன்னா வெக்கமே வேணாம், 2 கிராமுக்குள்ள ஒரு பேந்தர் மார்ட்டின் ஸ்பின்னர் (இழுத்தா சுத்தி மினுங்குற தகடு வச்ச தூண்டில்) போதும், மூணு முள்ள கழட்டிட்டு ஒத்தை முள் மாட்டி அதோட நுனிக்கு பின்னாடி இருக்கற குட்டி எதிர்முள்ள பிளையர்ல நசுக்கிடுங்க. டைகர் கொஞ்சம் முரட்டுப்பய, மினுங்குற எதையும் தொரத்தும்னு பேரு, என்னோடதும் ஸ்பின்னர்ல தான் வந்துச்சு.

எல்லாரும் சொதப்பறது நடைல தான். மீனு தண்ணி வர்ற திசைய பாத்து நிக்கும், அதனால நீங்க கீழ இருந்து மேல போகணும், அதோட முதுகு பக்கமா. ஒரு மடு கண்ணுக்கு தெரிஞ்ச உடனே நின்னுடுங்க, மண்டி போடுங்க, உங்க நெழல் எங்க விழுதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் தான் ராட தூக்கணும். நான் ரெண்டு சீசன் மடு மடுவா நிமிந்து நடந்து போய் மெரண்டு ஓடற மீனு கெளப்பற V மாதிரி அலைய மட்டும் பாத்துட்டு வீட்டுக்கு வந்தவன், சொன்னா நம்புங்க. மடுவோட வால் பக்கம், ஆழம் கொறையற எடத்துல ஒரு சின்னது காவலுக்கு நிக்கும், அத கலைச்சீங்கன்னா அது மேல ஓடிப்போய் மொத்த ஊரையும் எழுப்பிடும். மொத வீச்சு தான் வீச்சு, மூணாவதுக்கு மேல அந்த மடு தூங்கிடுச்சுன்னு வச்சுக்கிட்டு அடுத்ததுக்கு போங்க. மரக்கெளை மூடுன எடத்துல முள்ள ரெண்டு வெரல்ல புடிச்சு ராட வில்லு மாதிரி வளச்சு விடுங்க, பத்தடி போகும், அது போதும்.

புடிச்ச உடனே அடையாளம் பாக்கறது முக்கியம், ஏன்னா நான் அதுலயும் கோட்ட விட்டேன். ஒரு சாயங்காலம் கவுந்து கெடந்த மரத்தடில ஒம்போது இஞ்ச் மீனு ஒண்ணு, முதுகுல புழு நெளிஞ்ச மாதிரி கோடு, சரி புரூக்னு நெனச்சு முள்ள கழட்டுனேன், விடறப்ப தான் பாத்தேன் அந்த கோடு முதுகோட நிக்கல, பக்கவாட்டுல வயிறு வரைக்கும் கோலம் மாதிரி எறங்குது, புரூக்குக்கு இருக்கற நீல வளையத்துக்குள்ள செவப்பு புள்ளி ஒண்ணு கூட இல்ல, கீழ் துடுப்போட ஓரம் மட்டும் வெள்ளையா அப்பா ஜாடை. போன எடுக்கறதுக்குள்ள ஒரு வால் அடி, மூஞ்செல்லாம் தண்ணி, மீனு போயிடுச்சு. அதனால வலைக்குள்ளயே, தண்ணிலயே வச்சு பாருங்க, கைய நனைச்சுட்டு தொடுங்க, துடுப்பு எல்லாம் முழுசா கூர்மையா இருக்கான்னு பாருங்க, பண்ணைல வளத்து விட்ட டைகர்னா துடுப்பு தேஞ்சோ வெட்டியோ இருக்க வாய்ப்பு அதிகம். 1978ல மிச்சிகன் ஏரில 20 பவுண்டு 13 அவுன்ஸ் டைகர் புடிச்சிருக்காங்க, ஓடைல அந்த சைஸ் எல்லாம் கனவு, கை நீளம் வந்தாலே பெருசு.

பாக்கெட்ல ஒரு தெர்மாமீட்டர் வச்சுக்கங்க, தண்ணி 20 டிகிரி தாண்டுச்சுன்னா மூட்டைய கட்டுங்க, நீங்க விட்டாலும் அது பொழைக்கறது கஷ்டம். ஜூலைல கரையோரம் மஞ்சப்பூ பூத்து நிக்கற காட்டு பார்ஸ்னிப் செடிய உரசாதீங்க, அந்த சாறு பட்டு வெயில் அடிச்சா கொப்பளம் வந்துடும், முழுக்கை சட்டை போடுங்க. அப்புறம் பூட்ஸ தேச்சு கழுவி காய வைக்காம அடுத்த ஓடைல எறங்காதீங்க, நியூசிலாந்து சேத்து நத்தைன்னு அரிசி மாதிரி குட்டி நத்தை ஒண்ணு 2013ல பிளாக் எர்த் க்ரீக்ல கண்டுபுடிச்சாங்க, அது பூட்ஸ்ல ஒட்டிட்டு தான் ஊரு ஊரா போகுது.

என்னோடது எந்த ஓடைன்னு மட்டும் கேக்காதீங்க, வீட்டுக்காரம்மாகிட்டயே சொல்லல.