கழிவுநீரை விடுமுன்: உங்கள் குழாய் எங்கே போய் முடிகிறது?

சுத்திகரிப்பு நிலையத்துக்கு விலை கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: உங்கள் குழாயின் மறுமுனை. இந்தியாவில் கழிவுநீருக்கான வரம்பு, அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலைப்படி, ஆறு, ஏரி, ஓடையில் விட்டால் பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், நீரில் கரையாமல் தொங்கும் திடப்பொருள் 100, எண்ணெய்-கொழுப்பு 10, சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250. பாதாளச் சாக்கடையில் விட்டால் பி.ஓ.டி. 350, திடப்பொருள் 600, எண்ணெய்-கொழுப்பு 20. இரண்டுக்குமே பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 9 வரை. உங்கள் தொழிலுக்கென்று தனி அட்டவணை இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சாக்கடைக்கான இந்தத் தளர்வு எல்லாச் சாக்கடைக்கும் கிடையாது. அந்தச் சாக்கடை, நுண்ணுயிர் முறையில் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால், நேராக ஆற்றில் விட்டதாகவே விதி கணக்கில் எடுக்கும். தெருவோர மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டு "சாக்கடையில்தானே விடுகிறோம்" என்று நினைப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். சென்னையில் அந்த வடிகால்கள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகின்றன. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், வறண்டு கிடக்கும் ஓடையையும் நிலத்தடி நீரையும்கூட நீர்நிலை என்றே சொல்கிறது. பழைய ஆழ்துளைக் கிணற்றில் கழிவை இறக்குவது மன்னிக்க முடியாத செயல். ஊரே குடிக்கும் நீர் அது, அதைத் திரும்பச் சுத்தம் செய்ய யாராலும் ஆகாது.

குழாய் எங்கே போகிறது என்று தெரியவில்லையா? ஒரு வாளித் தண்ணீரில் உணவு நிறமியைக் கலந்து உங்கள் கடைசித் தொட்டியில் ஊற்றுங்கள். உள்ளாட்சி ஊழியரை அழைத்துத் தெருவிலுள்ள மூடிகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் தெரியும் குழிதான் உங்கள் வழி.

அடுத்தது கணக்கு. நாளுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் விடும் ஓர் இனிப்பு-காரத் தயாரிப்புக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். பி.ஓ.டி. 1,200 என்றால் தினமும் 12 கிலோ சுமை. சாக்கடை வரம்பில் 3.5 கிலோதான் போகலாம். ஆற்று வரம்பில் வெறும் 300 கிராம். முன்னதற்கு 71 விழுக்காடு குறைத்தால் போதும், பின்னதற்கு 97.5 விழுக்காடு குறைக்க வேண்டும். செலவில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இயந்திரம் வாங்காமலே குறைக்கக்கூடியதை முதலில் குறையுங்கள். பாலைத் திரித்துச் சென்னா (பால்கட்டி) பிழிந்த தண்ணீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதில் 100 லிட்டரைக் கொட்டினாலே 3.5 கிலோ, அதாவது அந்தக் கூடத்துக்குச் சாக்கடை வரம்பு தரும் ஒரு நாள் அளவு முழுவதும் தீர்ந்துபோகிறது. அதைத் தனி டிரம்மில் பிடித்து அன்றன்றே மாட்டுத் தீவனத்துக்குக் கொடுங்கள். பொரித்த எண்ணெயை டின்னில் சேர்த்துப் பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பாத்திரத்தை ஊறவைக்கும் முன் வழித்துவிடுங்கள்.

கொழுப்புப் பொறியை, அதாவது கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டியை, உச்ச நேர ஓட்டம் 30 நிமிடமாவது தங்கும்படி கட்ட வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் வந்தால் 1,000 லிட்டர் கொள்ளளவு. வெளியேறும் குழாயில் 'டி' (T) வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்க்கால் மிதக்கும் கொழுப்புக்கு வெகு கீழே இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கால் உடைந்தால் கொழுப்பு மேலோடு மேலாக வெளியே போய்விடும். பொறி நிறைந்தும் பலனில்லாத இடங்களில் முதலில் இதைப் பாருங்கள். கொதிநீரையும் அதிகச் சோப்பையும் விட்டாலும் கொழுப்பு கரைந்து கடந்துபோய், தெருக்குழாயில் ஆறி உறையும். மேலே கொழுப்பும் அடியில் வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கு வந்ததும் அள்ளிவிடுங்கள். அடைப்பு எடுக்க மனிதரை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே மூச்சில் ஆளை வீழ்த்திவிடும்.

பிறகு, ஏறி இறங்கும் ஓட்டத்தைச் சமப்படுத்தும் சமன்தொட்டி. அரை நாள் ஓட்டம், அதாவது இங்கே 5,000 லிட்டர் பிடிக்கட்டும். புளித்த நீரின் பி.எச். இறங்கியிருந்தால் சுண்ணாம்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுச் சரிசெய்யுங்கள். அடுத்து, நுண்ணுயிர் கழிவைத் தின்னும் காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் காற்றடிக்கும் புளோயரை நிறுத்தினால், காலையில் தொட்டி கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செத்த நுண்ணுயிர் மீள நாள்கள் ஆகும். தினமும் ஒரு லிட்டர் அளவுக்குடுவையில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் ஆடாமல் வையுங்கள். பழுப்பு வண்டல் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்தால் நலம். அரைமணி ஆகியும் பஞ்சுபோல் மேலேயே நின்றால் பெரும்பாலும் ஆக்சிஜனோ, நைட்ரஜன்-பாஸ்பரஸ் சத்தோ பற்றவில்லை.

உப்புக்கு இந்த வழி எதுவும் உதவாது. நுண்ணுயிர் உப்பைத் தின்பதில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் செய்த சேதத்துக்கு அதுவே பெரிய காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, சவ்வூடு வடித்து, மிஞ்சியதை ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் ஓட்ட முடிகிறது. தண்ணீர் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதும் வழியல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் நாளொன்றுக்கான லிட்டர் அளவும் எழுதப்பட்டிருக்கும், மீட்டர் அதைக் காட்டிவிடும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இரண்டு கட்டம்: கட்டுமானத்துக்கு முன் நிறுவ ஒன்று, உற்பத்திக்கு முன் இயக்க ஒன்று. கொதிகலன், சமையல், கழிப்பறை என ஒவ்வொரு நீரையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கழிப்பறை நீரைத் தொழிற்கழிவோடு சேர்த்தால் இரண்டின் கணக்கும் குழம்பும்.

வாரியத்தார் மாதிரி எடுக்க வரும்போது நீங்களோ உங்கள் ஆளோ பக்கத்தில் நில்லுங்கள். மாதிரியை ஆய்வுக்கு அனுப்பப்போவதாக அவர்கள் அங்கேயே சட்டப்படி அறிவிப்புக் கடிதம் தர வேண்டும். மாதிரியை உங்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பாட்டிலை அரசு அறிவித்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அங்கேயே, அப்போதே எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே எடுக்கும் மாதிரியில் பி.எச்., வெப்பம், எஞ்சிய குளோரின் மூன்றையும் அந்த இடத்திலேயே அளந்துவிடுங்கள். பி.ஓ.டி. பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். குளோரின் போட்ட நீரென்றால் ஆய்வகத்திடம் சொல்லிவிடுங்கள், இல்லையேல் நுண்ணுயிர் செத்துப் பி.ஓ.டி. பொய்யாகக் குறைந்து காட்டும். எண்ணெய்க்குத் தனியாக அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில் வேண்டும். அதை மாதிரி நீரில் அலசாதீர்கள், எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.